கட்டுமானத் தளத்தில் குழந்தைகள் காப்பகம் அமைக்கும் முறை

1969இல் மீரா மகாதேவன் தில்லியில் தொடங்கிய ‘மொபைல் கிரெஷஸ்’ (நடமாடும் குழந்தைகள் காப்பகங்கள்) என்ற அமைப்பின் வழியைப் பின்பற்றி, கட்டுமானத் தொழிலாளரின் குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்த முன்வரும் தொண்டு நிறுவனம், முதலில் ஒப்பந்ததாரரிடம் அறை, குடிநீர், கழிப்பறை ஆகிய மூன்றையும் எழுத்துப்பூர்வமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். வாய்மொழி உறுதி அடுத்த தளம் எழும்பும்வரைகூட நிற்காது.

அந்த அறை, கம்பியும் ஜல்லியும் இறக்கும் இடத்திலிருந்து விலகியும், தாய்மார்கள் இடைவேளையில் வந்து பாலூட்டிவிட்டுத் திரும்பக்கூடிய தொலைவிலும் இருப்பது அவசியம். வேலை தொடங்குமுன்பே திறந்து, கடைசித் தாய் வந்த பின்னரே மூட வேண்டும்.

கைக்குழந்தைகளுக்குத் துணித் தூளியும், தவழும் பிள்ளைகளுக்குத் துடைத்த பாயும், மூன்று வயதைக் கடந்தவர்களுக்குப் பாட்டும் கதையும் வேண்டும். எடையை மாதந்தோறும் பார்த்துக் குறித்துவைக்கலாம். வேலை முடிந்ததும் குடும்பம் திடீரென வேறு ஊருக்குப் பெயரக்கூடும் என்பதால், தடுப்பூசி அட்டையைக் காப்பகத்தில் வைத்துக்கொள்ளாமல் தாயிடமே கொடுத்துவிட வேண்டும்.