ஸ்டார் ட்ரெக்கை முதலிலிருந்து மறுபடி பார்ப்பது எப்படி?

எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் கிரகம் கிரகமாகப் போகிறவர்களின் கதையைச் சொல்லும் அமெரிக்க டிவி தொடரான பழைய ஸ்டார் ட்ரெக்கை மறுபடி முழுசாகப் பார்த்துவிடலாம் என்று நான் முதலில் உட்கார்ந்தது ஒரு விடுமுறை நாளில். காலையில் ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் ஆறு எபிசோடு. மறுநாள் யோசித்தால் எந்தக் கிரகத்தில் யார் செத்தார்கள் என்பதே குழம்பிப்போனது. அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த வருடம் வேறு மாதிரி ஆரம்பித்து, கடைசி எபிசோடு வரை போய்ச் சேர்ந்தேன். அந்த வழி இதுதான்.

முதலில் கணக்கு

1966 முதல் 1969 வரை மூன்று சீசன்கள். 29, 26, 24 என்று மொத்தம் 79 எபிசோடுகள். ஒன்று ஏறக்குறைய 50 நிமிடம், ஆக மொத்தம் 66 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு பார்த்தால் 40 வாரத்தில் முடியும். ஒரே நாளில் இரண்டு வேண்டாம். இது வாரத்துக்கு ஒன்று என்று ஓடிய தொடர். உதாரணமாக, கம்ப்யூட்டரிடம் பேசிப் பேசியே அதைச் சாகடிப்பது கப்பலின் கேப்டன் கர்க்கின் வழக்கமான வித்தை. சில மாத இடைவெளியில் வந்தால் ரசிக்கலாம். அடுத்தடுத்த நாளில் வந்தால், 'இதைத்தானே நேற்றும் செய்தார்' என்று தோன்றும்.

எந்தப் பிரதி?

2006-ல் விண்வெளிக் காட்சிகள் போன்றவற்றைக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் புதிதாகச் செய்து ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். ப்ளூரே வட்டில் பழையது, புதியது இரண்டும் இருக்கும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். என் ஓட்டு பழையதற்கே. அதில் வரும் எண்டர்பிரைஸ் 11 அடி நீளத்தில் கையால் செய்த மாடல். இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருப்பார்கள், இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதுவும் ஒரு விளையாட்டுதான்.

வரிசை

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஒளிபரப்பான வரிசை வேறு, படம்பிடித்த வரிசை வேறு. என்பிசி டிவி 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் காட்டியது 'தி மேன் ட்ராப்', உடம்பிலுள்ள உப்பை உறிஞ்சிக் கொல்லும் ஒரு ஜந்துவின் கதை. ஆனால் மூன்றாவது வாரம் பார்த்தால் சட்டைகள் மாறியிருக்கும், கப்பலின் டாக்டரே வேறு ஆளாக இருப்பார். காரணம், அந்த 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' ஒரு வருடம் முன்பே எடுத்த இரண்டாவது பைலட், அதாவது டிவிக்காரர்களுக்குக் காட்ட எடுக்கும் மாதிரி எபிசோடு. அதில் கர்க்குக்காக ஒரு கல்லறைக் கல் வரும். அதில் ஜேம்ஸ் ஆர். கர்க் என்று இருக்கும்! நமக்குத் தெரிந்த ஜேம்ஸ் டி. கர்க்கின் 'டி' பிறகுதான் வந்தது.

அதனால் படம்பிடித்த வரிசையிலேயே பாருங்கள். பட்டியல் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். என்பிசி வேண்டாமென்று திருப்பிய முதல் பைலட் 'தி கேஜ்', பிறகு அந்த இரண்டாவது பைலட், அடுத்து 'தி கார்போமைட் மனூவர்' என்று போகும். 'தி கேஜ்'-இல் கேப்டன் கர்க் இல்லை, பைக் என்று ஒருவர். உணர்ச்சியே காட்டாத வல்கன் இனத்து ஸ்பாக் பல் தெரியச் சிரிப்பார்!

முதல் தடவை பார்ப்பவர்கள் மட்டும் 'தி கேஜ்'-ஐத் தள்ளிவையுங்கள். தொடர் நடுவில் வேலை தாமதமாகி, கொடுக்க எபிசோடு இல்லாமல் போகும் நிலை வந்தபோது, கிடப்பில் இருந்த அந்தப் பைலட்டை எடுத்து, புதுக் கதை ஒன்றால் சுற்றி, 'தி மெனாஜரி' என்று இரண்டு வாரம் ஓட்டினார்கள். நெருக்கடியில் ஒட்டுப்போட்ட அந்த வேலைக்கு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. அதைப் பார்த்த பிறகு 'தி கேஜ்' பாருங்கள்.

நோட்டு

ஒரு சின்ன நோட்டு போதும். எபிசோடு முடிந்ததும் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இன்று முதல் முறையாக வந்தது எது? காசை எங்கே மிச்சம் பிடித்தார்கள்? இன்றைக்குப் பார்த்தால் எது உறுத்துகிறது?

'தி எனிமி வித்இன்' எபிசோடுக்கு நான் எழுதியதைச் சொல்கிறேன். ஆட்களை இடம் மாற்றும் கருவியான டிரான்ஸ்போர்ட்டரின் கோளாறால் கர்க் இரண்டாகப் பிரிந்துவிடுவார், ஒருவர் சாது, இன்னொருவர் முரடர். கீழே கிரகத்தில் கப்பல் ஊழியர் சுலுவும் மற்றவர்களும் குளிரில் விறைத்துக்கொண்டிருப்பார்கள். மேலே கூட்டிக்கொள்ள வழியில்லை. பாறையைத் துப்பாக்கியால் சூடாக்கிக் குளிர்காய்ந்துகொண்டே, கயிற்றில் கட்டி ஒரு பானை காபி இறக்க முடியுமா என்று சுலு கேட்பார்.

சரி, ஒரு சிறு விண்வெளி ஓடத்தை அனுப்பிக் கூட்டிவர வேண்டியதுதானே? ஓடம் அப்போது கிடையாது. வாரா வாரம் கப்பல் தரையிறங்குவதைக் காட்டக் கட்டுப்படியாகாது என்றுதான் ஆளையே கரைத்து அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டரைக் கண்டுபிடித்தார்கள். ஓடத்தின் செட் பிறகுதான் வந்தது. பொம்மை மாடல் விற்கும் ஏஎம்டி நிறுவனம், மாடல் விற்கும் உரிமைக்குப் பதிலாக அதைக் கட்டிக்கொடுத்தது. ஓடத்தை மையமாக வைத்த 'தி கலிலியோ செவன்' அதற்கப்புறம் எடுத்ததுதான். ஒளிபரப்பு வரிசையில் பார்த்தாலும் இது தெரியலாம், ஆனால் படம்பிடித்த வரிசையில் அந்த உலகத்தை அவர்கள் கட்டிக்கொண்டே போவது கண்ணெதிரே நடக்கும்.

இதே எபிசோடில்தான் ஸ்பாக்கின் கழுத்துப் பிடி பிறந்தது. முரட்டுக் கர்க்கைத் துப்பாக்கிக் கட்டையால் பின்னாலிருந்து அடிக்க வேண்டும் என்பதுதான் திட்டம். வல்கன் அப்படிச் செய்யமாட்டான் என்று ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் மறுத்து, தோளருகே விரல்களால் அழுத்தி மயங்கவைக்கலாம் என்றார்.

உறுத்தியது கடைசிக் காட்சி. முரட்டுக் கர்க் பலாத்காரம் செய்ய முயன்ற பெண்ணிடம் ஸ்பாக், அந்தப் போலியிடம் சில சுவாரசியமான குணங்கள் இருந்தன இல்லையா என்று கேலியாகக் கேட்பார். 1966-ல் சிரிப்புக்காக எழுதியிருக்கிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதையெல்லாம் தாண்டிப் போகாமல் எழுதிவையுங்கள்.

அப்புறம் 'தி மேன் ட்ராப்' வரும்போது கப்பல் டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகளைக் கவனியுங்கள். கதைக்காக வாங்கிய விநோதமான உப்புக்குப்பிகள், பார்ப்பவர்களுக்கு உப்புக்குப்பி என்றே புரியாது என்று ஒதுக்கப்பட்டு, டாக்டர் கைக்குப் போய்விட்டன.

மோசமான எபிசோடுகளை என்ன செய்வது?

பார்க்கத்தான் வேண்டும். 1968-ல் தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்து மூன்றாவது சீசனை வாங்கினார்கள். கிடைத்த நேரமோ வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி, பட்ஜெட்டும் குறைந்தது. அதில் முதலில் ஒளிபரப்பான கதையே 'ஸ்பாக்ஸ் பிரெயின்', ஸ்பாக்கின் மூளையைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதைத் தனியாகப் பார்க்காதீர்கள், சிரிக்கத் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அலுப்பு தட்டினால், படத்தை நிறுத்தி முதல் சீசனின் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' ஒரு தடவை பாருங்கள். அதில் எதிரிக் கப்பலின் கேப்டனாக நடித்த மார்க் லெனார்ட்தான் அடுத்த சீசனில் ஸ்பாக்கின் அப்பா.

கடைசியில் பெரிய முடிவு எதையும் எதிர்பார்க்காதீர்கள். 1969 ஜூன் 3 அன்று 'டர்ன்அபவுட் இன்ட்ரூடர்' என்று ஒரு சுமாரான கதையோடு தொடர் நின்றுவிட்டது. 47 நாள் கழித்து மனிதன் நிலவில் இறங்கினான். நோட்டில் பக்கம் மிச்சம் இருந்தால் 1973-ல் வந்த கார்ட்டூன் தொடர் இருக்கிறது. 22 எபிசோடுகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம்கூட இல்லை.