பாட்டியின் பட்டுச் சேலையை மறுபடி உடுத்துமுன்

பாட்டி தலைமுறையில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போகவும் சேலைதான். இப்போது தீபாவளி, கல்யாணத்துக்கு மட்டும். அதனால் பழைய பட்டு ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் இழை விடும்.

சேலையை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மடிப்புக் கோடுகளில் ஊசித்துளை போல ஒளி தெரிந்தால் அங்கே நூல் நைந்துவிட்டது. கொசுவம் வரும் பகுதியில் அப்படி இருந்தால் உடுத்தாதீர்கள், இடுப்பில் செருகும்போதே கிழியும். முந்தானை நன்றாக இருந்தால் தாவணிக்கோ துப்பட்டாவுக்கோ ஆகும்.

பழைய சேலைகள் பலவற்றில் ஃபால்ஸ் (கீழ்க்கரையின் உட்புறம் தைக்கும் துணிப்பட்டை) இருக்காது. சுமார் இரண்டரை மீட்டர் பருத்தி ஃபால்ஸ் வாங்கி, தைக்குமுன் கட்டாயம் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் அது சுருங்கி, கரையையும் சுருட்டி இழுக்கும். இடுப்பில் செருகும் முனையிலிருந்து ஒரு சாண் விட்டுத் தொடங்கி, கையாலேயே தைப்பது நல்லது.

சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். உள்ளே பூஞ்சை பிடிக்கும், ஜரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். வாசனைத் தெளிப்பானைச் சேலை உடுத்துமுன்பே அடித்துவிடுங்கள், ஜரிகையில் படக்கூடாது.