கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால்: குமரிக் கரையில் என்ன செய்வது

எங்கோ தொலைவில் பிறந்த அலைகள், இங்கே காற்று இல்லாதபோதும் திடீரென்று கரையேறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிலையம் அதற்கு எச்சரிக்கை விடும்போது பலர் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஒரு மீட்டர்தானே" என்று இருந்துவிடுகிறார்கள். அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஓர் அலைக்கும் மறு அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்று அதில் இருக்கும். பக்கத்துக் காற்று கிளப்பும் அலைக்கு அது பெரும்பாலும் 10 விநாடிக்குள். கள்ளக்கடலில் 16-ஐத் தாண்டி 20, 22 வரைகூடப் போகும். ஆழ்கடலில் 8 விநாடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 20 விநாடி அலைக்கோ 600 மீட்டருக்கு மேல். இரண்டும் ஒரே உயரமாக இருந்தாலும் பின்னது கொண்டுவரும் ஆற்றல் இரண்டரை மடங்கு. கரையில் உடைந்த பிறகும் தண்ணீர் நிற்காமல் மேலே ஏறும்.

இந்த அலைகள் பிறப்பது தென் இந்தியப் பெருங்கடலின் புயல்களில். நீரோடி முதல் கன்னியாகுமரி வரையுள்ள நம் கரை தென்மேற்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. தெற்கே அண்டார்டிகா வரை பெருநிலம் எதுவும் இல்லை. 18 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்தில் நகர்ந்து, 5,000 கி.மீ. கடந்து வர நாலு நாள் பிடிக்கும். அதனால்தான் இங்கே காற்று ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும்போது வருகிறது. கள்ளன் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். 2012-இல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. ஏப்ரல், மே மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

எச்சரிக்கை இரண்டு நாள் நீடித்தாலும் அத்தனை மணி நேரமும் ஒரே அளவு ஆபத்து இல்லை. ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், உச்சத்துக்கு ஏறும் நேரத்தைக் குறித்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் விழித்திருங்கள். ஓதம் நாளுக்கு இருமுறை ஏறும். நேற்று காலை 10 மணிக்கு உச்சம் என்றால் இன்று ஏறக்குறைய 10.50. குமரியில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் ஓர் அடி கூடியிருக்கும்போது அதன்மேல் இந்த அலையும் ஏறினால், வழக்கமாக நனையாத தெருவும் நனையும்.

அலை வந்துவிட்டதா என்று கண்ணாலேயே சரிபார்க்கலாம். மேடான இடத்தில் நின்று, ஒரு பாறையை அலை உச்சி தொடும்போது கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைத் தொடங்குங்கள். அதை 0 என்று வைத்து, பத்தாவது உச்சி தொடும்போது நிறுத்தி, விநாடிகளைப் பத்தால் வகுங்கள். 15-க்கு மேல் வந்தால் வள்ளங்களை நகர்த்த வேண்டிய நேரம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. இந்த அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். நடுவில் சில நிமிடம் கடல் அடங்கிக் கிடக்கும். குறைந்தது 20 நிமிடம் பாருங்கள்.

கரையில் கிடக்கும் வள்ளத்தைப் பழைய அலைத்தடத்துக்கு மேலே இழுத்து, இன்ஜினைக் கழற்றி வீட்டில் வையுங்கள். வள்ளங்களை ஒட்டி ஒட்டி அடுக்காதீர்கள். தண்ணீர் தூக்கும்போது ஒன்றோடொன்று மோதித்தான் பைபர் உடைகிறது. துறைமுகத்துக்குள் கட்டியிருந்தாலும் இடைவெளி விட்டு, கயிற்றையும் தளர்வாக விடுங்கள். இறுக்கிக் கட்டியது முதலில் அறும்.

கடலுக்குள் இருப்பவர்கள் பதறிக் கரைக்கு ஓடிவர வேண்டாம். ஆழத்தில் இந்த அலை மெல்லத் தூக்கி இறக்குவதோடு சரி. அது ஆளைக் கொல்லும் இடம் உடையும் பகுதி. தேங்காய்ப்பட்டணம், மணக்குடி போன்ற முகத்துவாரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓதம் இறங்கும்போது வெளியேறும் நீர் எதிர்அலையோடு மோதி அதைச் செங்குத்தாக்கும். வீட்டுக்கு ஆபத்து ஓதம் ஏறும்போது. முகத்துவாரத்தில் நுழையும் வள்ளத்துக்கு ஆபத்து இறங்கும்போது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மணல் மூட்டையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் உருண்டு நிற்கும், இடைவெளி அடைபடாது. மூன்றில் இரண்டு பங்கு போதும். செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி மிதித்து அமுக்குங்கள். மணலை வீட்டுக்கு முன்னுள்ள மேட்டிலிருந்து வெட்டாதீர்கள். கடலைத் தடுப்பதே அந்த மேடுதான். கருங்கல் சுவரைத் தாண்டி வந்த நீர் சுவருக்குப் பின்னால் தேங்கும். வடிகாலை முன்கூட்டியே தூர்வாருங்கள். தண்ணீர் வாசலுக்கு வரும் முன் மெயின் சுவிட்சையும் கேஸ் சிலிண்டரையும் அணைத்துவிடுங்கள்.

கிணற்றில் உப்புநீர் இறங்கிவிட்டால் மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைக்கத் தோன்றும். கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும். மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, குளோரின் போட்டு, குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள். உப்பு முழுதாகக் கழிய மழை வேண்டும்.

வெளியூர்க்காரர்களைப் பாறையிலும் நீர்விளிம்பிலும் நிற்க விடாதீர்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். யாராவது இழுக்கப்பட்டால் பின்னாலேயே குதிக்காமல், காலி கேனைக் கயிற்றில் கட்டி எறிந்து, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கும் கடலோரக் காவல்படையின் 1554-க்கும் சொல்லுங்கள். நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினாலோ விநாடி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அதைச் சுனாமி என்றே எடுத்துக்கொண்டு உடனே மேட்டுக்குப் போங்கள்.