குளிருக்குப் பயந்து குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடாதீர்கள்

தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நாலு தகரமும் பழைய பலகையும் வைத்து அடித்த கூடு, அதில் ஏழெட்டுப் பெட்டை, ஒரு சேவல். முட்டை குறையத் தொடங்கியதும் பத்துப் பன்னிரண்டு குஞ்சு வாங்கி வருகிறோம். தவறு அன்றைக்கு ராத்திரியே தொடங்கிவிடுகிறது. நுவரெலியா மலையில் கந்தப்பளை, இராகலைப் பக்கம் தை மாதக் குளிரில் குஞ்சுகள் விடாமல் கத்தினால் யாருக்கும் மனசு கேட்காது. "பெரிய கோழிங்களோட விட்டா சூடா கெடக்கும்" என்று அதே கூட்டுக்குள் விட்டுவிடுகிறோம்.

பக்கத்துக் காம்பரா அக்கா இதைத்தான் செய்தார். சாயந்தரம் பன்னிரண்டு குஞ்சை உள்ளே விட்டார். காலையில் கொழுந்துக்குப் போகிற அவசரத்தில் கொஞ்சம் பிந்திக் கூட்டைத் திறந்தபோது ஏழுதான் உயிரோடு இருந்தன. செத்த ஐந்தில் மூன்றுக்கு மண்டைத் தோல் உரிந்திருந்தது. மற்ற இரண்டின் மேல் ஒரு கீறல்கூட இல்லை, மூலையில் விறைத்துக் கிடந்தன. குளிரும் கொத்தும் ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிட்டன.

குஞ்சை இறக்கைக்குள் அணைக்கும் குணம் அடைக்கோழிக்குத்தான் உண்டு. மற்றப் பெட்டைகளுக்குக் குஞ்சு தங்கள் இடத்துக்குள் வந்த அந்நியம். எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது விலகி நிற்க வேண்டும் என்று கூட்டத்துக்குள் ஒரு வரிசை இருக்கிறது. நோர்வேயைச் சேர்ந்த விலங்கியலாளர் ஷெல்டெருப்-எபே 1921 இல் இதை ஆராய்ந்து எழுதினார். அந்த வரிசையில் கடைசியாய் வருகிற குஞ்சுக்குத் திருப்பிக் கொத்தப் பலமில்லை. ஓட இடமும் இல்லாவிட்டால் செத்துத்தான் போகும்.

உங்களிடம் உண்மையான அடைக்கோழி இருந்தால் வேலை பாதி குறைந்த மாதிரி. இரண்டு, மூன்று கிழமையாக முட்டையை விட்டு எழும்பாமல் படுத்திருக்கிற கோழியாகப் பாருங்கள். நன்றாக இருட்டிய பிறகு முட்டைகளை எடுத்துவிட்டு, குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் நெஞ்சுக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். குஞ்சுக்கு ஒன்றிரண்டு நாள் வயதுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிழமை தாண்டிய குஞ்சு அதைத் தாயாக ஏற்காது, கோழியும் விரட்டும். விடியும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். 'கொக் கொக்' என்று மெதுவாகக் கூப்பிட்டு இரையைக் காட்டினால் சரி, ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்புறம் மற்றக் கோழிகளை அதுவே பார்த்துக்கொள்ளும். கொத்தினால் உடனே குஞ்சுகளை எடுத்துவிடுங்கள்.

அடைக்கோழி இல்லையென்றால் சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் கிழமையில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைத்து வரலாம். இங்கே பலரும் சறுக்குவது பல்பில். பழைய இழை பல்ப் சூடு தரும், இப்போது கடையில் கிடைக்கிற எல்இடி பல்ப் வெளிச்சம் மட்டும்தான் தரும். அதைப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, "பல்ப் எரியுதே, ஏன் செத்துச்சு?" என்று கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெப்பமானி தேவையில்லை, குஞ்சுகளே சொல்லும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர், வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம், பரவலாய்ப் படுத்துத் தூங்கினால் அளவு சரி. கரண்ட் போனால் வெந்நீர்ப் போத்தலைச் சாக்கில் சுற்றி நடுவில் வையுங்கள். தயவுசெய்து நெருப்புச் சட்டி வேண்டாம். மூடிய பெட்டியில் கரிப்புகை குஞ்சைக் கொல்லும், ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு லயத்துக்கும் பரவும்.

சரி, எப்போது சேர்க்கலாம்? வயதைவிட உருவத்தைப் பாருங்கள். ஆறு கிழமையில் இறகு நிறைந்துவிடும், குளிரைத் தாங்கும். ஆனால் பெரிய பெட்டைக்குப் பக்கத்தில் அது இன்னும் பாதிதான். பத்து, பன்னிரண்டு கிழமை வரை பொறுத்தால் நல்லது. குளிர் குறைந்த பதுளைப் பக்கம் சூட்டைச் சீக்கிரம் நிறுத்தலாம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் ஊர். அங்கே முதலில் பகலில் மட்டும் சூட்டை நிறுத்திப் பழக்குங்கள். நனைந்த குஞ்சு எந்த வயதிலும் ஆபத்தில்தான் இருக்கிறது, அதனால் மழை நாளில் புது இடத்துக்கு மாற்றாதீர்கள்.

சேர்க்கிற முறையில் எல்லாரும் தாண்டிப் போகிற படி ஒன்று இருக்கிறது. கூட்டின் ஒரு மூலையைக் கோழி வலையால் அடைத்து, குஞ்சுகளை அதற்குள் இரண்டு கிழமை வைத்திருங்கள். பெரியவை வலையோரம் வந்து பார்க்கும், கழுத்து இறகைச் சிலிர்க்கும், வலையைக் கொத்தும். நாலைந்து நாளில் அலுத்துப்போய்த் திரும்பி மண்ணைக் கிளறத் தொடங்கும். பிறகு வலையின் அடியில், உங்கள் உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்கிற அளவுக்கு மூன்று, நாலு ஓட்டை வெட்டிவிடுங்கள். குஞ்சு நுழையும், பெட்டை நுழையாது. முதல் நாள் ஒரு குஞ்சு தலையை நீட்டும், ஒரு கொத்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடும். மறுநாள் இரண்டு வெளியே வரும். ஓடி ஒளிய இடம் இருக்கிறதென்று தெரிந்த குஞ்சுதான் துணிந்து வெளியே வரும். கம்பி முனைகளை மடக்கிவிட மறக்காதீர்கள், முதுகைக் கிழித்துவிடும்.

ஒரே ஒரு குஞ்சைத் தனியாகச் சேர்க்க வேண்டாம், எல்லாக் கொத்தும் அதற்கே விழும். தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வையுங்கள்.

தீனியில் இன்னொரு தவறு இருக்கிறது. முட்டைக்கோழித் தீனியில் ஏறக்குறைய 4 வீதம் கல்சியம் இருக்கும், குஞ்சுக்கு ஒரு வீதம் போதும். மிச்சம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோழிகள் எல்லாம் ஒரே தட்டில் தின்னத் தொடங்கியதும், பெரியவைக்கும் வளர்குஞ்சுத் தீனியையே போட்டு, வறுத்து நொறுக்கிய முட்டை ஓட்டைத் தனிச் சிரட்டையில் வையுங்கள். தேவையானது தானாகப் போய்த் தின்னும்.

வெளியிலிருந்து வாங்கிய ஒரு மாதக் குஞ்சென்றால் வலைக்குள் விடுவதற்கும் முன்னால் நாலு கிழமை வேறு இடத்தில் தள்ளி வையுங்கள். வேலையைப் பழைய கோழிகளிடம் முடித்துவிட்டு, கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து போட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். தெரியவில்லையென்றால் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். தரையில் பரப்பிய மரச்சீவலை எப்போதும் காய்ந்தபடி வைத்திருங்கள். ஈரமான தரையில்தான் இரத்தக் கழிச்சல் கிளம்புகிறது, மூன்றிலிருந்து ஆறு கிழமைக் குஞ்சுகளை அது வேகமாகக் கொண்டுபோய்விடும்.

வலையைத் திறந்த பிறகு சின்னச் சின்னக் கொத்துக்கு ஓடி ஓடி நடுவே போகாதீர்கள். அந்த வரிசை அப்படித்தான் அமையும். இரத்தம் தெரிந்தால் மட்டும் அந்த நிமிடமே குஞ்சைத் தூக்கிவிடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவையும் அதே இடத்தில் கொத்தும். காயத்தைக் கழுவி மஞ்சள் பூசி, ஆறும் வரை வலைக்குள் துணைக்கு இன்னொரு குஞ்சோடு வையுங்கள்.

பத்து நாள் கழித்து ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். குஞ்சுகள் இன்னும் தரையில் மூலையில் குவிந்திருந்தால் வலை அப்படியே இருக்கட்டும். பெரிய பெட்டைகள் உட்கார்ந்த கம்பின் ஓரத்தில், கொஞ்சம் தள்ளி, வரிசையாய் ஒட்டிக்கொண்டு தூங்கினால் மறுநாள் காலையில் வலையைக் கழற்றிவிடலாம்.