4 ஜிபி லேப்டாப்பில் கேட் எடிட்டரும் லாங்வேஜ் சர்வரும்

கடலூர் மாவட்டத்தில் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பையே புதுச்சேரியில் இன்ஜினியரிங் முடிக்கும்வரை ஓட்டியவர்கள் உண்டு. 4 ஜிபி ரேமில் விஎஸ் கோடையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் மெஷின் திணறும். ஆட்டோ கம்ப்ளீட், டெஃபினிஷனுக்குத் தாவுவது, தப்புக்குக் கீழே கோடு போடுவது எல்லாம் பின்னணியில் தனியாக ஓடும் லாங்வேஜ் சர்வரின் வேலை. எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையை (எல்எஸ்பி) மைக்ரோசாஃப்ட் 2016-லேயே பொதுவில் வைத்துவிட்டது. ஆகவே அதே சர்வரை வேறு எடிட்டரிலும் மாட்டலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇ-யின் ‘கேட்’ எடிட்டர். டெர்மினல் எடிட்டர்கள் இன்னும் இலகுவானவைதான். ஆனால் தமிழில் கமென்ட் எழுதினால் பல டெர்மினல்களில் ‘கொடுவா விலை’ என்பதில் ‘கொ’வே உடைந்து, கர்சர் வேறெங்கோ நிற்கும். கேட்டில் இந்தத் தொல்லை இல்லை.

டெபியன் 12 லினக்ஸில் ஆப்ட் கட்டளை மூலம் கேட், கிளாங்டி (சி, சி++ சர்வர்), பைதான்3-பைஎல்எஸ்பி (பைதான் சர்வர்) ஆகிய மூன்று பேக்கேஜ்களை நிறுவுங்கள். எக்ஸ்எஃப்சிஇ போன்ற வேறு டெஸ்க்டாப் என்றால் கேடிஇ லைப்ரரிகளும் கூடவே இறங்கும். மொபைல் டேட்டாவில் தொடங்க வேண்டாம். பிறகு செட்டிங்ஸ் மெனுவில் கன்ஃபிகர் கேட், அதில் ப்ளகின்ஸ், அங்கே எல்எஸ்பி கிளையன்ட், ப்ராஜெக்ட் இரண்டையும் டிக் செய்யுங்கள். புதிய பதிப்புகள் சர்வரைத் தொடங்கலாமா என்று முதல்முறை கேட்கும். அவசரத்தில் ‘நோ’ அழுத்தினால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். எல்எஸ்பி செட்டிங்ஸில் தடை செய்த சர்வர்களின் பட்டியலுக்குப் போய் மாற்ற வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லையா? கீழே அவுட்புட் பேனலைப் பாருங்கள். சர்வர் கிடைக்கவில்லை என்று இருந்தால் அது பாத் (புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) பிரச்சினை. பிப்எக்ஸ் என்ற பைதான் கருவி வழியாக நிறுவிய சர்வர் ஹோம் ஃபோல்டருக்குள் .லோக்கல்/பின்-இல் உட்கார்ந்திருக்கும். அந்த ஃபோல்டர் அப்போதுதான் உருவானது என்றால், ஒருமுறை லாக்-அவுட் செய்து வந்தால்தான் மெனுவிலிருந்து திறக்கும் கேட்டுக்கு அது தெரியும்.

சி, சி++ ப்ராஜெக்டில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். சர்வர் ஓடும், ஆனால் சொந்த ஹெடர் ஃபைலையே காணோம் என்று சிவப்புக் கோடு போடும். எந்த ஃப்ளாகுகளோடு (கம்பைலருக்குத் தரும் குறிப்புகள்) கம்பைல் செய்கிறீர்கள் என்பது கிளாங்டிக்குத் தெரியாததுதான் காரணம். அதைச் சொல்வது கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன் ஃபைல். பில்ட் செய்வது சிமேக் கருவி என்றால் சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ் என்பதை ஆன் செய்தால் போதும். பில்ட் ஃபோல்டரின் பெயர் ‘பில்ட்’ என்றே இருந்தால் கிளாங்டி தானாகவே உள்ளே போய்ப் பார்க்கும். வேறு பெயர் என்றால் ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் அந்த ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க் (அசல் ஃபைலைச் சுட்டும் இணைப்பு) போடுங்கள். வெறும் மேக்ஃபைல் என்றால் ‘பேர்’ என்ற கருவி வழியாக மேக்கை ஓட்டுங்கள். ஓட்டும் முன் மேக் கிளீன் அவசியம்: ஏற்கெனவே கம்பைல் ஆன ஃபைல்களை மேக் தொடாது, தொடாததை பேர் பதிவு செய்யாது, கடைசியில் காலி ஃபைல்தான் கிடைக்கும். லேப் எக்சர்சைஸ் போன்ற சின்ன வேலைக்கு கம்பைல்_ஃப்ளாக்ஸ்.டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒரு ஃப்ளாக் எழுதினாலே போதும்.

டர்போ சி பழக்கத்தில் கோனியோ.எச் சேர்த்திருந்தால் சிவப்புக் கோடு போகவே போகாது. லினக்ஸில் அந்த ஹெடர் கிடையாது. சர்வரைத் திட்டாமல் வரியை அழியுங்கள்.

பைதானில் வழக்கமான குறை: விர்ச்சுவல் என்விரான்மென்டில் (ப்ராஜெக்டுக்கென்ற தனி பைதான் சூழல்) நிறுவிய நம்பை லைப்ரரிக்கு கம்ப்ளீஷன் வராது. டெர்மினலில் அதை ஆக்டிவேட் செய்து, அங்கிருந்தே கேட்டைத் திறங்கள். ஏற்கெனவே ஒரு கேட் ஜன்னல் திறந்திருந்தால் ஃபைல் பழைய ஜன்னலுக்கே போய்விடும், பழைய பாத்தோடு. முதலில் அதை மூடுங்கள்.

ரேம் இன்னும் இடித்தால், எல்எஸ்பி செட்டிங்ஸில் டீஃபால்ட் டேபில் உள்ள ‘சி’ பகுதியை ‘சர்வர்ஸ்’ என்ற வெளி அடைப்போடு யூசர் டேபுக்கு நகலெடுத்து, ப்ராஜெக்டின் ஃபைல்களைப் பின்னணியில் பட்டியலிடும் பேக்ரவுண்டு-இண்டெக்ஸ் ஃப்ளாகுக்கு ‘ஃபால்ஸ்’ கொடுங்கள். கடைசி உறுப்புக்குப் பின் கமா வைத்தால் ஜேசன் ஏற்காது. மாற்றியதும் எல்எஸ்பி கிளையன்ட் மெனுவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்கு விலை உண்டு: ஒரு ஃபங்ஷன் எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று தேடினால், திறந்த ஃபைல்களில் உள்ளவை மட்டுமே வரும். நூறு ஃபைலுக்குள் அடங்கும் கல்லூரி ப்ராஜெக்டுக்கு இண்டெக்ஸை அப்படியே விட்டுவிட்டு பிரவுசரில் நாலு டேபை மூடுவது மேல்.