ரூட்டர் செட்டிங்ஸ் திறக்கவில்லையா? ரீசெட் பொத்தானைத் தொடும் முன் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கவில்லை என்றதும் நிறையப் பேர் முதலில் செய்வது, ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ரீசெட் துளையைத் தேடுவதுதான். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்த பிறகு செட்டிங்ஸ் பக்கம் திறந்துவிடும், ஆனால் இன்டர்நெட் போயிருக்கும், அதைத் திரும்பக் கொண்டுவரத் தேவையான விவரங்கள் உங்கள் கையில் இருக்காது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள்: லாகின் பக்கம் வருகிறதா, வரவில்லையா? பிரவுசர் வெகுநேரம் சுற்றிவிட்டு "இந்தத் தளத்தை அணுக முடியவில்லை" என்று சொன்னால் பிரச்சினை முகவரியிலோ இணைப்பிலோ இருக்கிறது, அங்கே பாஸ்வேர்டைப் பற்றி யோசிப்பதில் அர்த்தமே இல்லை. பக்கம் வந்து பாஸ்வேர்டை மட்டும் ஏற்க மறுத்தால் முகவரியும் இணைப்பும் சரியாகவே இருக்கின்றன, கேபிளைக் கழற்றி மாட்டி ஒரு பயனும் இல்லை. இந்த இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். பாதி நேரம் வீணாவது இங்கேதான்.

பக்கமே வரவில்லை என்றால், அனேகமாக முகவரியை ஊகித்திருப்பீர்கள். 192.168.1.1 என்று எங்கோ படித்ததை அப்படியே அடிப்பது எல்லோரும் செய்வது. அது பல ரூட்டர்களுக்குப் பொருந்தும், உங்களுடையதற்கும் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. 192.168.0.1, 192.168.1.254, 10.0.0.1 என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்றை வைத்திருக்கிறது. வீட்டு நெட்வொர்க்குகளுக்கு என்று ஒதுக்கிய முகவரிகள் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய மூன்று தொகுதிகளில் வருகின்றன. 1996இல் வந்த ஒரு தொழில்நுட்ப ஆவணம் இதை வரையறுத்தது. அந்த மூன்றுக்குள் எதையும் நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம், உங்களுக்கு முன்னால் பெட்டியை அமைத்தவர் மாற்றியும் வைத்திருக்கலாம். ஆகவே ஊகிக்காதீர்கள், உங்கள் கருவியிடமே கேளுங்கள். அதற்கு அந்த முகவரி தெரியும், தெரியாமல் அது இன்டர்நெட்டுக்கே போக முடியாது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ட்டை (கட்டளைகளை அடிக்கும் சன்னலை) திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் "டிஃபால்ட் கேட்வே" என்ற வரியில் ரூட்டரின் முகவரி இருக்கும். அங்கே பல அடாப்டர்கள் வரிசையாக வரும். நீங்கள் இப்போது பயன்படுத்தும் வைஃபை அல்லது ஈதர்நெட் எதுவோ அதற்குக் கீழே பாருங்கள். சில நேரம் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு முகவரி முதலில் வரும், அதற்கு அடுத்த வரியில் புள்ளி வைத்த நான்கு எண்கள் இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள "ஐ" குறியைத் தொட்டால் "ரூட்டர்" என்ற இடத்திலும், ஆண்ட்ராய்டில் அந்த நெட்வொர்க்கின் விவரங்களில் "கேட்வே" என்ற இடத்திலும் கிடைக்கும். மேக்கில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் டிசிபி/ஐபி பகுதியில் பாருங்கள்.

அங்கே உங்கள் கருவியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அது முக்கியமான தடயம். ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் கருவி தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் எந்த முகவரியை அடித்தாலும் பக்கம் வராது. கேபிள் சரியாக மாட்டியிருக்கிறதா, வைஃபை உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ரூட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். இங்கே ரீஸ்டார்ட் என்பது வேறு, ரீசெட் என்பது வேறு. ரீஸ்டார்ட்டில் எதுவும் அழியாது, பயப்படாமல் செய்யலாம். இன்டர்நெட் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்ஸ் பக்கம் மட்டும் உறைந்துபோவதும் உண்டு, அதற்கும் இதுதான் மருந்து.

முகவரி சரி, ஆனாலும் பக்கம் வரவில்லையா? அதை எங்கே, எப்படி அடித்தீர்கள் என்று பாருங்கள். தேடல் பெட்டியில் அடித்தால் தேடல் முடிவுகள்தான் வரும். அந்த முடிவுகளில் "ரூட்டர் உதவி மையம்" என்று தொலைபேசி எண் போட்டு வரும் பக்கங்களை நம்பி அழைத்துவிடாதீர்கள், பணம் பறிப்பதற்கென்றே அப்படிப் பக்கங்களை நடத்துகிறார்கள். ஒன்று என்ற எண்ணுக்குப் பதிலாக ஆங்கிலச் சின்ன எல் எழுத்தை அடிப்பது, கடைசியில் ஒரு புள்ளியைக் கூடுதலாக வைப்பது, முகவரிக்குப் பின்னால் டாட் காம் சேர்ப்பது எல்லாம் அடிக்கடி நடப்பவை. இன்னொன்று, இப்போதைய பிரவுசர்கள் தாங்களாகவே எச்டிடிபிஎஸ் (https) என்ற பாதுகாப்பான இணைப்புக்கு மாற்றிப் போகப் பார்க்கும். பழைய ரூட்டர்களில் பலவற்றுக்கு அது கிடையாது. அதனால் முகவரிக்கு முன்னால் எச்டிடிபி (http://) என்று முழுதாக அடித்துப் பாருங்கள். மாறாக, எச்டிடிபிஎஸ் இருக்கும் ரூட்டரில் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வரும். ரூட்டர் தனக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொள்வதால் வருவது அது. நீங்கள் அடித்தது உங்கள் கேட்வே முகவரிதான் என்று உறுதியாகத் தெரிந்தால் தாண்டிப் போகலாம். இதே எச்சரிக்கை ஒரு வங்கித் தளத்தில் வந்தால் தாண்டவே கூடாது.

எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரை அடிக்கச் சொல்லும் ரூட்டர்களும் உண்டு, பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். ரூட்டர் அந்தப் பெயரை நடுவில் பிடித்துத் தன் பக்கத்தைக் காட்டும், அதுதான் ஏற்பாடு. பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ். போனில் பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருந்தாலோ பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் இயங்கினாலோ பெயர் ரூட்டரைத் தொடாமலே வெளியே போய்விடும், பக்கம் வராது. 2016இல் டிபி-லிங்க் நிறுவனம் தன் லாகின் பெயர்களில் ஒன்றைப் புதுப்பிக்காமல் விட்டு, அது வேறொருவர் கைக்குப் போன சம்பவமும் நடந்தது. எண்ணை அடிப்பதே நல்லது.

சரி, முகவரியும் சரியாக அடித்தாயிற்று என்றால், நீங்கள் உண்மையிலேயே அந்த ரூட்டரோடு இணைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தம் போடாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், மேலே வைஃபை குறி தெரிந்துகொண்டே இருக்கும். டேட்டாவை அணையுங்கள். விபிஎன் (இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் வசதி) இருந்தால் அதையும் அணையுங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் செட்டிங்ஸ் பக்கம் வராமலிருப்பதே முறை, விருந்தாளிகள் உள்ளே போகக் கூடாது என்பதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். கம்பியில் இணைக்கிறீர்கள் என்றால் கேபிள் வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட்டில் இருக்க வேண்டும். நிறம் மாறி, தனியாக இருக்கும், வெளி இணைப்புக்கான வான் போர்ட்டில் மாட்டினால் ரூட்டர் உங்களை வெளியாளாக நினைத்துக் கதவைத் திறக்காது.

இனி, மோடம் (வெளி இணைப்பை வீட்டுக்குள் கொண்டுவரும் பெட்டி) தனி, ரூட்டர் தனி என்று இரண்டு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. மிக அதிகமாகக் குழம்புவது இவர்கள்தான். ரூட்டரின் பக்கத்துக்குள் போய் மோடத்தின் செட்டிங்கைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கேட்வே என்று உங்கள் கணினி காட்டுவது பக்கத்திலிருக்கும் ரூட்டரை மட்டும்தான், அதற்கு முன்னால் இருக்கும் மோடத்துக்கு வேறு முகவரி. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கமாண்ட் பிராம்ட்டில் ட்ரேசர்ட் (tracert) என்று அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். முதல் வரியில் ரூட்டர் வரும். இரண்டாவது வரியும் 192.168 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் மோடம்தான். 10 அல்லது 100 என்று தொடங்கினால் அது சேவை நிறுவனத்தின் கருவியாகவும் இருக்கலாம். கேபிள் மோடம் என்றால் 192.168.100.1ஐயும் முயன்று பாருங்கள், பல மோடங்கள் அந்த முகவரியில் பதில் சொல்கின்றன.

இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்றே இருந்தால்? நீங்கள் அடிக்கும் முகவரி ரூட்டரிலேயே நின்றுவிடும், மோடம் வரை போகவே போகாது. அப்போது ரூட்டரின் லேன் முகவரியை (வீட்டுக்குள் அது வைத்திருக்கும் முகவரியை) 192.168.2.1 போல வேறொன்றாக மாற்றுங்கள். மோடம் பிரிட்ஜ் மோடில் (இணைப்பை ரூட்டருக்குக் கடத்துவதை மட்டும் செய்யும் நிலையில்) இருந்தால் இன்னொரு சிக்கல், அது யாருக்கும் முகவரி கொடுக்காது. கணினியை நேராக மோடத்தின் லேன் போர்ட்டில் மாட்டி, கணினிக்குக் கையால் முகவரி கொடுக்க வேண்டும்: மோடம் 192.168.1.1 என்றால் கணினிக்கு 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. வேலை முடிந்ததும் அதை மறக்காமல் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் அடுத்த முறை வேறொரு நெட்வொர்க்கில் இணையும்போது எதுவும் வேலை செய்யாது, காரணமும் நினைவுக்கு வராது.

லாகின் பக்கம் வந்துவிட்டது, உள்ளே விட மறுக்கிறது என்றால் முதலில் வைஃபை பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வாசல் சாவி என்றால் இது பீரோ சாவி, வேறு வேறு. பெட்டியின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் இரண்டுமே அச்சிட்டிருக்கும். "அட்மின், அட்மின்" என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் புதிய பெட்டிகள் பலவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்ட். இன்னும் சிலவற்றில் முதல் முறை உள்ளே போகும்போது நீங்களே வைக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும், பிரவுசர் பழைய பாஸ்வேர்டைத் தானே நிரப்பிவிடும், ஆகவே அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள். வரிசையாகத் தவறாக அடித்தால் பல ரூட்டர்கள் சில நிமிடங்களுக்குப் பூட்டிக்கொள்ளும், அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் ஏற்காது. கொஞ்சம் பொறுங்கள். வேறொரு கருவியில் ஏற்கனவே லாகின் ஆகியிருந்தால் உங்களை விடாத ரூட்டர்களும் உண்டு. கூகுள் நெஸ்ட் வைஃபை, ஈரோ போன்றவற்றை அவற்றின் ஆப் வழியாகத்தான் நிர்வகிக்க வேண்டும், பிரவுசரில் செட்டிங்ஸைத் தேடுவது வீண்.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லை என்றால்தான் ரீசெட். அதற்கு முன் சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நிறைய இணைப்புகளில் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ரூட்டருக்குள் இருக்கும், சில இடங்களில் நிறுவனம் கொடுத்த விலேன் என்ற இணைப்பு எண்ணும் இருக்கும். ரீசெட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். நிறுவனமே கொடுத்த பெட்டி என்றால் தொலைவிலிருந்தே திரும்ப நிரப்பிவிடும் வசதி பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும், அட்மின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றித் தரவும் கூடும். நீங்கள் வாங்கிய பெட்டி என்றால் அந்த விவரங்களை அவர்களிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்ட பிறகே பொத்தானைத் தொடுங்கள். ஃபைபர் பெட்டியில் கூடுதல் கவனம் வேண்டும், சிலவற்றில் பதிவு விவரங்களும் சேர்ந்து அழிந்தால் நிறுவனத்தின் ஆள் வந்தால்தான் சரியாகும்.

உள்ளே போனதும் முதல் வேலையாக அமைப்புகளை ஒரு கோப்பாக பேக்கப் எடுங்கள். அப்புறம் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி எழுதி வையுங்கள். லேன் முகவரியை மாற்றினால், சேமித்த கணத்திலேயே பழைய முகவரியில் பக்கம் நின்றுபோகும். அது கெட்டுப்போகவில்லை, வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்துப் புதிய முகவரியை அடியுங்கள். மேக் ஃபில்டரில் (கருவிகளின் அடையாள எண்ணை வைத்து வடிகட்டும் வசதி, ஆப்பிள் மேக் அல்ல) "இவர்களை மட்டும் அனுமதி" என்று போடும்போது உங்கள் கருவியையே சேர்க்காமல் விட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் ஓடும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை சுலபமாக இருக்கட்டும் என்று ரிமோட் மேனேஜ்மென்ட்டை (வெளியிலிருந்தே ரூட்டரை நிர்வகிக்கும் வசதியை) திறந்து வைப்பதை மட்டும் செய்யவே வேண்டாம். 2016இல் மிராய் என்ற தீநிரல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களிலும் ரூட்டர்களிலும் டிஃபால்ட் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தே உள்ளே புகுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதன் இன்னொரு வடிவம் வெளியிலிருந்து நிர்வகிப்பதற்காகத் திறந்திருந்த 7547 என்ற எண்ணுள்ள போர்ட் (கேபிள் மாட்டும் துளை அல்ல, நெட்வொர்க் நுழைவாயில்) வழியாகத் தாக்கியபோது, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு பாதிக்கப்பட்டது. வெளியிலிருந்து உள்ளே வந்தே ஆக வேண்டும் என்றால் ரூட்டரிலேயே இருக்கும் விபிஎன் வசதியைப் பயன்படுத்துங்கள்.