சிறுத்தைப் பல்லித் தொட்டிக்குத் தரை போடுவது எப்படி?

லெப்பர்ட் கெக்கோ என்னும் சிறுத்தைப் பல்லியை முதல்முறை வளர்ப்பவர்கள் விளக்கு, வெப்பமானி, தீனி எல்லாவற்றையும் விசாரித்து வைப்பார்கள். தொட்டிக்குள் தரையாக எதைப் போடுவது என்பதைக் கடையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். டொரொண்டோவில் நாங்களும் அப்படித்தான் போய், மகளுக்குப் பிடித்த நீல நிறத்தில் ஒரு பை கால்சியம் மணல் வாங்கி வந்தோம். மூன்றாம் நாள் பார்த்தால் பல்லி பூச்சியை விட்டுவிட்டு மணலை நக்கிக்கொண்டிருந்தது. அன்றே முழுவதையும் அள்ளி எடுத்தோம்.

உடம்பில் கால்சியம் குறைந்த பல்லி இந்த மணலைத் தேடித் தின்னும். அது ஈரம் பட்டால் கட்டியாகி, குடலை அடைத்துவிடக்கூடும். கால்சியத்தைத் தூளாக வாங்கித் தீனிப் பூச்சிமேல் தூவித்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் அதன் சொந்த இடம்

பாலைவனத்துப் பிராணி என்றதும் மணல்மேடு நினைவுக்கு வருகிறது. ஆனால் இது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட பாறைச் சரிவுகளில் வாழ்வது. அங்கே கெட்டியான மண், கல், பகலில் ஒளிந்துகொள்ள ஈரம் தங்கிய இடுக்குகள். இதன் விரல்களைக் கவனித்துப் பாருங்கள். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிபோல் ஒட்டும் பட்டைகள் இருக்காது, சின்ன நகங்கள்தான். ஆக, நகம் பிடிக்கிற கெட்டியான தரையும், ஈரமான ஒரு மறைவிடமும் இதற்கு வேண்டும்.

முதல் மூன்று மாதம் காகிதம்

புதிதாக வந்த பல்லிக்குச் சமையலறைக் காகிதத் துண்டைத் தவிர வேறு எதுவும் போடாதீர்கள். பார்க்க அழகாக இருக்காதுதான். ஆனால் எச்சம் அப்படியே தெரியும்: கரும்பழுப்பாக உருண்டு, பக்கத்தில் வெள்ளையாக ஒரு துளி இருந்தால் நல்லது. தண்ணீராகப் போனால், கெட்ட நாற்றம் அடித்தால், எச்சத்தை எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். குட்டிக்கும் நோயாளிப் பல்லிக்கும் இதே காகிதம்தான்.

வாங்கக் கூடாதவை

வால்நட் ஓட்டுத் தூள் கூர்மையானது, விழுங்கினால் வயிற்றைக் கிழிக்கக்கூடும். பைன், சீடார் மரச்சீவல்களின் வாசனை எண்ணெய் இவற்றுக்கு ஆகாது. செயற்கைக் கம்பள விரிப்பின் நூலில் நகம் மாட்டிப் பிய்ந்துவிடும். உதிரி மணலை மட்டும் தனியாகக் கொட்டுவதும் வேண்டாம்.

நிரந்தரத் தரை

எளிய வழி சொரசொரப்பான கல் ஓடு, அதாவது டைல். தொட்டி அளவுக்கு வெட்டி வாங்கிப் பதித்தால் போதும், துடைப்பதும் சுலபம். பளபளப்பான டைல் வழுக்கும், அதை எடுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது மண் தரை. உரமோ வெள்ளை பெர்லைட் மணிகளோ கலக்காத தோட்டத்து மேல்மண் 7 பங்கு, குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல் 3 பங்கு. கனமான கற்களை முதலில் தொட்டியின் அடிக் கண்ணாடிமேலேயே வைத்துவிடுங்கள். மண்ணைப் போட்ட பிறகு மேலே வைத்தால், பல்லி அடியில் தோண்டும்போது கல் சரிந்து நசுக்கிவிடும். பிறகு மண்ணையும் மணலையும் கலந்து தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். கைப்பிடியில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. 7 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். விளக்கைப் போட்டுச் சில நாள் காய விடுங்கள். கட்டைவிரலால் அழுத்தும்போது பள்ளம் விழவில்லையென்றால் தயார். விழுந்தால் மறுபடி நனைத்து அழுத்த வேண்டியதுதான்.

ஒரு முக்கியமான விஷயம். தொட்டிக்கு அடியில் ஒட்டும் சூடேற்றும் பாய்க்கு மேல் இவ்வளவு மண் போடக் கூடாது. சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும், கண்ணாடி வெடிக்கவும்கூடும். மண் தரை என்றால் சூடு மேலிருந்து விளக்காக வரட்டும், அதுவும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. விளக்கின் கீழே தரையின் சூடு 32 முதல் 34 டிகிரி, மறுகோடி 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் சரி.

ஈரப் பெட்டி

தேங்காய் மட்டைத் தூளை ஊரில் தும்புச்சோறு என்போமே, தமிழ்நாட்டில் கோகோபீட் என்பார்கள், அது இங்கேதான் பயன்படும். கடையில் விற்கும் கட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இலங்கை அல்லது இந்தியா என்றுதான் இருக்கும். 650 கிராம் கட்டி 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரைக் குடித்து 8 லிட்டருக்கு மேல் பொங்கும். ஒரு பல்லிக்கு அவ்வளவு தேவையில்லை, கால் பங்கை உடைத்து ஊறவையுங்கள். முழுத் தரைக்கும் இதையே போட்டால் காய்ந்ததும் தூசி பறக்கும்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பல்லி நுழைகிற அளவு ஓட்டை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். ஊறிய தும்புச்சோற்றைப் பிழிந்து உள்ளே 4 செ.மீ. போடுங்கள். டப்பாவைச் சூட்டுப் பக்கத்துக்கும் குளிர்ப் பக்கத்துக்கும் நடுவில் வையுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீட்டுக் காற்று காய்ந்துபோகும் நாட்களில் இந்தப் பெட்டி இல்லாமல் தோல் சரியாக உரியாது. விரல் நுனியில் வளையம்போல் ஒட்டி நிற்கும் பழைய தோல் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரலே உதிர்ந்துவிடும். ஒவ்வொரு முறை தோல் உரித்த பிறகும் விரல்களை எண்ணிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பராமரிப்பு

சிறுத்தைப் பல்லி பெரும்பாலும் ஒரே மூலையில்தான் எச்சம் போடும். அங்கே ஒரு தட்டையான டைல் துண்டை வைத்தால் தினமும் எடுத்துக் கழுவலாம், ஆனால் சமையலறைத் தொட்டியில் அல்ல. சால்மொனெல்லா கிருமி இருக்கும் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளையும் கழுவச் சொல்லுங்கள். ஈரப் பெட்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து நீர் தெளியுங்கள். புளித்த வாசனை வந்தாலோ வெள்ளைப் பூஞ்சை தெரிந்தாலோ தும்புச்சோறு முழுவதையும் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் காயவைத்துப் புதிதாகப் போடுங்கள்.